முந்நூறு டாலரில் பிலடெல்பியா: ஆறு நாள் குறிப்புகள்

அக்டோபர் 21, 2024, திங்கள்

நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் இருக்கிறாள் என் தங்கை. அங்கிருந்து பிலடெல்பியா காரில் ஒன்றரை மணி நேரம். "சனிக்கிழமை நாங்களே கூட்டிக்கொண்டு போகிறோம் அக்கா, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வந்துவிடலாம்" என்று அவள் பலமுறை சொன்னாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மதுரையில் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து இந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்கப் புரட்சி நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் பிலடெல்பியா என்று எழுதியிருக்கிறேன். அந்த ஊரைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வர முடியாது.

என் கையிருப்பிலிருந்து முந்நூறு டாலர் ஒதுக்கினேன். நம் கணக்கில் ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம் ரூபாய். ஓல்ட் சிட்டி என்கிற பழைய நகரப் பகுதியில், பெண்களுக்கான பொது அறையில் ஓர் அடுக்குக் கட்டில் ஓர் இரவுக்கு 36 டாலருக்குக் கிடைத்தது. ஐந்து இரவுக்கு 180. சமையலறை உண்டு என்பதால்தான் அந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தேன்.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு செய்தி. நியூயார்க் பக்கமிருந்து பிலடெல்பியாவுக்கு நேராகப் போகும் விரைவு ரயிலில் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் விலை எங்கோ போய்விடும். எடிசனிலிருந்து உள்ளூர் ரயிலில் ட்ரென்டன் வரை வந்து, அதே நிலையத்தில் பிலடெல்பியாவின் புறநகர் ரயிலுக்கு மாறலாம். எனக்கு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இருபது டாலர்தான் ஆயிற்று, கடைசி நேரத்தில் எடுத்தாலும் அதே விலை. ட்ரென்டனைத் தாண்டியதும் ரயில் டெலவேர் ஆற்றைக் கடக்கிறது. பக்கத்துப் பாலத்தில், 'ட்ரென்டன் செய்கிறது, உலகம் வாங்கிக்கொள்கிறது' என்ற பொருளில் ஆளைவிடப் பெரிய எழுத்துகள். ஒரு காலத்தில் தொழிற்சாலைகளால் செழித்த ஊர் அது.

இறங்கி நடந்தபோது நல்ல வெயில். இந்த மாதம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லையாம். எங்கு பார்த்தாலும் தேர்தல் பலகைகள். இன்னும் இரண்டு வாரத்தில் அதிபர் தேர்தல், இந்த மாநிலத்தின் முடிவுதான் நாட்டின் முடிவு என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அரிசி, தயிர், தக்காளி, வாழைப்பழம், முட்டை வாங்கியதில் 14 டாலர். தங்கை கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் பெட்டியில் இருக்கின்றன. திரும்பிப் போகும் ரயில் செலவை எடுத்து வைத்துவிட்டால் கையில் 66.

அக்டோபர் 22, செவ்வாய்

இண்டிபென்டன்ஸ் ஹாலுக்குள் போகக் கட்டணம் இல்லை. ஆனால் நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்தால் ஒரு டாலர் மட்டும் பிடிப்பார்கள். நான் காலை முதல் சுற்றுக்கே எடுத்திருந்தேன். கூட்டம் சேருமுன் போவது நல்லது, பின்னால் வந்த குழுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

கட்டடம் சிறியது. நம் ஊர்ப் பழைய கலெக்டர் அலுவலகங்கள் இதைவிடப் பெரியவை. பென்சில்வேனியா மாகாண சபைக்காகக் கட்டப்பட்ட செங்கல் கட்டடம் இது. 1776-இல் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியதும், 1787-இல் அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டதும் ஒரே அறையில். வரிசையாகப் பச்சைத் துணி விரித்த மேசைகள், மேசைக்கு மேசை மையும் இறகும். அந்த மேசைகள் எல்லாம் பிற்காலத்தில் சேகரித்தவை. 1777-இல் பிரிட்டிஷ் படை நகரைப் பிடித்தபோது பழைய மரச்சாமான்கள் அழிந்துவிட்டன. முன்னால் மேடையில் உள்ள ஒரு நாற்காலி மட்டும் அசல். 1787-இல் வாஷிங்டன் உட்கார்ந்தது. அதன் முதுகுச் சட்டத்தின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கிறது.

ஜூலை 4 என்று நாம் எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். அன்று நிறைவேறியது பிரகடனத்தின் வாசகம். பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல். கட்டடத்துக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் மக்களுக்கு முதன்முதலாக வாசித்துக் காட்டியது ஜூலை 8-இல். இந்த மூன்று தேதிகளையும் நான் வகுப்பில் சொன்னதுண்டு. அந்த முற்றத்து மரநிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டபோதுதான் அவை எனக்கு மூன்று வெவ்வேறு நாட்களாக ஆயின. ஜூலை வெயிலில் இங்கே நின்று காது கொடுத்துக் கேட்ட ஜனங்கள் கண்முன் வந்தார்கள்.

எதிர்ச்சாரியில், ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்தில் தொங்கிய விடுதலை மணி. இதற்கு டிக்கெட்டே வேண்டாம், பையைச் சோதித்துவிட்டு விடுகிறார்கள். லண்டன் ஒயிட்சாப்பலில் வார்த்து 1752-இல் வந்த மணி, முதல் முறை அடித்துப் பார்த்தபோதே விரிசல் விட்டது. பாஸ், ஸ்டோ என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் அதை உருக்கி மறுபடி வார்த்தார்கள். அவர்கள் பெயர் மணியின் மேலேயே இருக்கிறது. எடை 2,080 பவுண்டு, நம் கணக்கில் 940 கிலோவுக்குச் சற்று மேல். நாடெங்கும் குடிகள் அனைவருக்கும் விடுதலையை அறிவியுங்கள் என்ற பைபிள் வரி (லேவியராகமம்) அதன் தோள்பட்டையைச் சுற்றி ஓடுகிறது. பென்சில்வேனியா என்ற பெயரில் ஓர் எழுத்து இன்றைய வழக்கைவிடக் குறைவு.

அந்த மணியின் அருகில் கால் மணி நேரம் நின்றேன். படங்களில் நாம் பார்க்கும் அகலமான பிளவு விரிசல் இல்லையாம். அது பழுது பார்த்த தடம். மெல்லிய விரிசலின் இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று உரசி ஓசையைக் கெடுத்ததால், 1846-இல் துளை துளையாகப் போட்டு அந்த இடைவெளியை வேண்டுமென்றே அகலமாக்கினார்கள். உற்றுப் பார்த்தால் விளிம்பில் துளையிட்ட அடையாளம் வரிவரியாகத் தெரிகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடித்தபோது, பிளவின் நுனியிலிருந்து முடி போன்ற இன்னொரு கீறல் மேல்நோக்கி ஓடியது. மணியை ஊமையாக்கியது அந்தக் கீறல்தான். அதைக் கண்டுபிடிக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒளி விழும் பக்கம் போக வேண்டும். பெரும்பாலானோர் பிளவோடு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதை விடுதலை மணி என்று அழைக்கத் தொடங்கியவர்கள் 1830-களில் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்கள். அப்படியானால் அதற்கு முன்பு என்ன நிலைமை? அதற்கு விடை மணி மண்டபத்தின் வாசலிலேயே இருக்கிறது.

ஆறாம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் மூலையில் கூரையில்லாத செங்கல் சுவர்கள் நிற்கின்றன. வெள்ளை மாளிகை கட்டி முடியும்வரை, தலைநகரம் இங்கே இருந்த பத்து ஆண்டுகளில், முதல் அதிபர் வாஷிங்டனும் அவருக்குப் பின் அதிபரான ஜான் ஆடம்ஸும் குடியிருந்த வீட்டின் இடம் அது. வாஷிங்டன் தம் மவுன்ட் வெர்னன் பண்ணையிலிருந்து ஒன்பது அடிமைகளை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். பென்சில்வேனியாவில் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தவரின் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து இங்கே இருந்துவிட்டால் விடுதலை கோரலாம். ஆறு மாதம் முடியுமுன் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு மறுபடி வரவழைப்பார்கள். அது அவர்களுக்கும் ஊருக்கும் தெரியாதபடி நடக்க வேண்டும் என்று வாஷிங்டன் தம் செயலருக்கு எழுதியிருக்கிறார்.

ஒன்பது பேரின் பெயரும் சுவரில் செதுக்கியிருக்கிறது. ஓனி ஜட்ஜ், ஹெர்குலிஸ், ஆஸ்டின், கிறிஸ்டோபர் ஷீல்ஸ், ஜைல்ஸ், ஜோ, மோல், பாரிஸ், ரிச்மண்ட். ஓனி ஜட்ஜ் திருமதி வாஷிங்டனின் பணிப்பெண். 1796 மே மாதம், வீட்டார் இரவு உணவில் இருந்தபோது வெளியேறி, கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். ஆள் அனுப்பியும் அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. சமையல்காரர் ஹெர்குலிஸும் மறு ஆண்டு தப்பினார். தரையில் பதித்த கண்ணாடி வழியே பார்த்தால் சமையல்கட்டின் பழைய அடித்தளக் கற்கள் தெரிகின்றன. மணி மண்டபத்துக்குப் போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

முப்பத்திரண்டு வருடம் நான் இந்தப் பாடத்தை நடத்தினேன். வாஷிங்டன் பெயரை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஓனி ஜட்ஜ் பெயரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அறியாமல் விட்டதுதான், ஆனாலும் அந்தச் சுவர் முன்னால் நின்றபோது மனம் கனத்தது. பெயர்களை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்குப் பின் வந்த ஆசிரியைக்கு அனுப்பப் போகிறேன்.

இன்றைய செலவு டிக்கெட் 1, காபி 3.

அக்டோபர் 23, புதன்

கால் வலி. மெதுவாகத்தான் நடந்தேன், அதுவே நல்லதாயிற்று. இந்த ஊரை நிறுவிய வில்லியம் பென் 1682-இல் போட்ட கட்டம் கட்டமான தெருத் திட்டம் இன்றும் அப்படியே இருப்பதால் வழி தவறவே முடியாது. ஒரு பக்கம் எண்கள், இன்னொரு பக்கம் மரங்களின் பெயர்கள்.

எல்ஃப்ரெத்ஸ் சந்து விடுதியிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். இரண்டு பேர் கை கோத்து நின்றால் அடைத்துவிடுமோ என்று தோன்றும் சந்தில் முப்பத்திரண்டு வீடுகள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1836 வரை கட்டியவை. இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு ஜன்னலுக்குள் பூனை, இன்னொரு வாசலில் பரங்கிக்காய். காலை எட்டு மணிக்கு அங்கே நான் ஒருத்திதான்.

அச்சுக்காரராக இருந்து, பிரகடனத்தில் கையெழுத்திட்ட தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்ளின் கல்லறை ஐந்தாம் தெருவும் ஆர்ச் தெருவும் கூடும் இடத்தில். உள்ளே போகக் கட்டணம் உண்டு, ஆனால் மதிலில் கம்பிவேலி போட்டிருக்கும் இடத்தில் நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். 1858-இல் ஜனங்களுக்காகவே மதிலைத் திறந்து போட்ட கம்பி அது. கல்லறை மேல் ஒரு சென்ட் காசுகளை வீசுகிறார்கள். வீசி வீசிக் கல்லில் பள்ளம் விழுந்து, பழுது பார்க்க வேண்டியதாயிற்று. நான் வீசவில்லை.

அவர் வீடு இருந்த இடம் மார்க்கெட் தெருவில் உள்ளடங்கிய ஒரு முற்றம். வீட்டை 1812-இல் இடித்துவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று காட்டும் வரைபடம் ஒன்றும் கிடைக்காததால், 1976-இல் கற்பனையாகக் கட்டாமல் வீட்டின் வெளிக்கோட்டை மட்டும் வெள்ளை இரும்புச் சட்டத்தால் எழுப்பி நிறுத்தினார்கள். உள்ளே வானம். தெரியாததை நிரப்பாமல் விட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தில் அச்சுக்கூடம் உண்டு, அதுவும் இலவசம். பூங்கா ஊழியர் மரப் பொறியில் தாளை வைத்து, தோல் உருண்டையால் மை ஒற்றி, கைப்பிடியை இழுத்துக் காட்டினார். ஈரத் தாளை அவர் உரித்தெடுத்தபோது வந்த 'சரக்' ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

மதியம் ரீடிங் டெர்மினல் சந்தை. 1893-இல் ரயில் நிலையத்தின் அடியில் தொடங்கியது. நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் மக்களில், வெள்ளைத் தொப்பி அணிந்த பெண்கள் மாவைத் திரித்து வெண்ணெயில் முக்கி எடுக்கும் பிரெட்சல் ஒன்றும், ஆப்பிள் சாறும் 7 டாலர். இந்த ஊரின் பேர் பெற்ற மாட்டிறைச்சி ரொட்டி நான் சாப்பிடுவதில்லை.

இரவு விடுதியில் சோறு வடித்தேன். பருப்புப்பொடி வாசனைக்கு, கொரியாவிலிருந்து வந்திருக்கும் மாணவி தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஊறுகாயை முதலில் மோந்து பார்த்தாள், பிறகு இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

அக்டோபர் 24, வியாழன்

இன்று யாரும் அதிகம் போகாத பக்கம். ஆறாம் தெருவில் தெற்கே நடந்தால் லொம்பார்ட் தெரு மூலையில் மதர் பெத்தேல் தேவாலயம். 1794-இல் ரிச்சர்ட் ஆலன் நிறுவியது. அடிமையாகப் பிறந்து, தன் விடுதலைக்குத் தானே பணம் கட்டியவர். வாசலில் அவர் சிலை.

ஆலனும் அவர் தோழர் அப்சலம் ஜோன்ஸும் முன்பு வேறொரு தேவாலயத்தில் வழிபட்டவர்கள். அங்கே ஒரு நாள், முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களை, இது உங்கள் இடமில்லை என்று தூக்கி எழுப்பினார்கள். ஜெபம் முடியட்டும் என்று சொன்னதையும் கேட்கவில்லை. மொத்தப் பேரும் வெளியேறினார்கள். இதை வாசித்தபோது மீனாட்சியம்மன் கோயில் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனதை என் தந்தை ஊரே கதவைப் பார்த்து நின்ற நாள் என்பார், அவர் தந்தை சொல்லக் கேட்டு. பிரகடனத்தைப் பிலடெல்பியாவில் வாசித்ததும் ஜூலை 8 தான்.

1793-இல் இந்த ஊரை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. ஐம்பதாயிரம் பேர் இருந்த நகரத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் இறந்தார்கள். வாஷிங்டன் உட்பட வசதியானவர்கள் வெளியேறினார்கள். கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வராது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தவறாக நம்பி, ஆலனையும் ஜோன்ஸையும் உதவிக்கு அழைத்தார். கறுப்பின மக்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள், பிணங்களை எடுத்தார்கள், அவர்களிலும் பலர் மாண்டார்கள். எல்லாம் ஓய்ந்தபின், அவர்கள் கொள்ளைக் கூலி வாங்கினார்கள் என்று ஒரு பதிப்பாளர் எழுதினார். ஆலனும் ஜோன்ஸும் சும்மா இருக்கவில்லை. வரவு செலவுக் கணக்கோடு பதில் எழுதி 1794-இல் அச்சிட்டார்கள். கணக்குப் போட்டு மறுத்தார்களே, அதற்காகவே அவர்களை நான் வணங்குகிறேன்.

அங்கிருந்து வாஷிங்டன் சதுக்கம் நடை தூரம். மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்களையும், புரட்சிப் போரில் பெயர் தெரியாமல் செத்த சிப்பாய்களையும் புதைத்த நிலம் இது. இப்போது புல்வெளி. அலுவலகம் போகிறவர்கள் பெஞ்சில் சாப்பிடுகிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் வாஷிங்டன் அவென்யூவில் வியட்நாமியக் கடையில் சுடச்சுட நூடுல்ஸ் 12 டாலர். பயணத்திலேயே பெரிய உணவுச் செலவு இதுதான். கால் ஓய்ந்துவிட்டதால் போக வர மெட்ரோ 5.

அக்டோபர் 25, வெள்ளி

இந்த ஊருக்கு வர எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதல் நாளே எழுதாமல் இன்றைக்காக வைத்திருந்தேன்.

பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் பெரியவர் கட்டணம் 30 டாலர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல், விரும்பியதைக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். பயணத்தையே அதற்கேற்பத் திங்களில் தொடங்கினேன். நகர மண்டபத்திலிருந்து பார்க்வே சாலையில் நேராக நடந்தேன். இரு பக்கமும் நாடுகளின் கொடிகள். கடைசியில் 72 படிகள். 'ராக்கி' சினிமாவில் வருவதுபோல அதில் ஓடி ஏறிக் கைகளை உயர்த்துவதற்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். நான் ஏழெட்டு இடத்தில் நின்று ஏறினேன். கல்லாவில் 10 டாலர் கொடுத்தேன்.

மேல் மாடியில் ஆசியக் கலைப் பகுதி. ஒரு கதவைத் தாண்டினால் மங்கிய வெளிச்சத்தில் கருங்கல் தூண்கள். மதுரை மதனகோபால சுவாமி கோயில் மண்டபத் தூண்கள்.

எங்கள் வீடு மேலமாசி வீதிக்குப் பக்கம். அந்தக் கோயிலைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போவேன், காய் வாங்கப் போவேன். அங்கிருந்த கற்கள் இங்கே இருக்கின்றன என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்லிப் பல வருடமாகிறது. 1912-இல் அடெலைன் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண் மதுரைக்கு வந்தபோது, கோயில் வளாகத்தில் குவித்துக் கிடந்த கற்களைப் பார்த்து அறுபதுக்கும் மேற்பட்டவற்றை வாங்கிக் கப்பலில் அனுப்பினார். முதல் உலகப் போரில் பிரான்சுக்கு மருத்துவமனைத் தொண்டுக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார். 1919-இல் அவர் குடும்பத்தார் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து சமஸ்கிருத அறிஞர் நார்மன் பிரவுன் இவற்றைப் பற்றி ஆராய்ந்து 1940-இல் தனி நூலே எழுதினார். தூண்கள் செதுக்கப்பட்டது பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நாயக்கர் காலம்.

வாசலில் காலணியைக் கழற்றப் போய், அப்புறம் நிறுத்திக்கொண்டேன். உள்ளே அனுமன், கருடன், முனிவர்கள், ஒவ்வொரு தூணிலிருந்தும் ஆள் உயரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். மதுரையில் தூண் சிற்பம் என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் வெண்ணெயும் குங்குமமும் ஏறிக் கறுத்திருக்கும், முழங்கால் கைபட்டு வழவழக்கும். இங்கே கல் கல்லாகவே இருக்கிறது. சாம்பல் நிறம். உளி விழுந்த புள்ளி புள்ளியான தடம்கூடத் தெரிகிறது. கருடனின் மார்பில் புரளும் ஆரத்தில் மணிமணியாக எண்ண முடிந்தது. எங்கள் ஊரில் இத்தனை நாள் நான் எண்ணியதே இல்லை.

வருத்தமாக இருந்ததா என்று தங்கை போனில் கேட்டாள். இருந்தது. தீபம் இல்லை, சாம்பிராணி இல்லை, தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கதை பேசும் கிழவிகள் இல்லை. அதே சமயம், குவியலாகக் கிடந்த கல்லை ஒருவர் கல் என்று பாராமல் சிற்பம் என்று பார்த்தாரே என்ற நன்றியும் இருந்தது. இரண்டில் எதையும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்தது. ஒரு சிறுமி அனுமனைக் காட்டி யார் இது என்று தன் ஆசிரியையைக் கேட்டாள். அவர் பலகையைத் தேடினார். நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன். கடல் தாண்டியதைச் சொன்னேன், வால் நெருப்பைச் சொன்னேன், கணையாழியைச் சொன்னேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று ஒருவன் கேட்டான். என் தெருவிலிருந்து என்றேன். ஓய்வு பெற்றபின் நான் எடுத்த முதல் வகுப்பு அது.

எட்டே முக்காலுக்கு மூடும் அறிவிப்பு வந்தது. வெளியே படியில் உட்கார்ந்து என் கணவரை அழைத்தேன். மதுரையில் சனிக்கிழமை விடிந்து ஆறேகால் மணி. தீபாவளிக் கூட்டம் மாசி வீதிகளில் சேருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

"குளித்துவிட்டீர்களா? அப்படியே மதனகோபால சுவாமி கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள்" என்றேன்.

"இன்றைக்கு என்ன விசேஷம்?"

"ஒன்றுமில்லை. உள்ளே எந்த இடத்தில் தூண் இல்லாமல் இருக்கிறது என்று பட்டரிடம் கேட்டு, எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்."

அக்டோபர் 26, சனி

ட்ரென்டன் ரயிலில் இருந்து எழுதுகிறேன். நேற்று இரவு ரொட்டிக்கும் தேநீருக்கும் 4 போனது போக, கையில் 24 டாலர் மிச்சம். படம் வந்துவிட்டது. கோயிலின் ஈரத் தரை, ஒரு கோலம், விளக்கு வைத்த மாடம். படத்தின் ஓரத்தில் அவர் செருப்பில்லாத பாதம். பட்டருக்கு அந்த இடம் சரியாகத் தெரியவில்லையாம், தன் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும் என்றாராம். மதுரை போனதும் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். தூண்களின் படங்கள் எழுபது எடுத்திருக்கிறேன், எல்லாவற்றையும் பெரிய தாளில் அச்செடுத்து அவரிடம் கொடுக்கப் போகிறேன்.